பந்தும் பட்டமும்: தாலிமெரன் ஆவ் காப்பாற்றிய வாக்கு

திருவான்மியூர் கடற்கரையில் விடியற்காலையில் நடப்பது என் வழக்கம். அங்கே மணலில் பந்தாடும் மாணவர்களுள் ஒருவன் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்தவன். தன் கல்லூரி அணியின் நடுக்கள ஆட்டக்காரன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் தொடங்கவிருக்கும் வேளையில், அணியிலிருந்து விலகும்படி அவனுக்கு அறிவுரை கூறுமாறு அவனுடைய தந்தை என்னைக் கேட்டுக்கொண்டார். வருகைப் பதிவு குறைகிறது, பருவத் தேர்வு நெருங்குகிறது என்பது அவருடைய கவலை. நானும் ஒருகாலத்தில் அதே காரணத்துக்காகக் கல்லூரி அணியை விட்டு வந்தவன்தான். ஆனால், அன்று என் நினைவில் நின்றவர் தாலிமெரன் ஆவ்.

1918-ல் நாகா மலையில் சாங்கி என்னும் சிற்றூரில் பிறந்தவர் ஆவ். கிறித்தவப் போதகரான அவருடைய தந்தை 1935-ல் டைபாய்டு காய்ச்சலால் மறைந்தார். மகன் மருத்துவம் படித்துத் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற விருப்பம். குவாஹாட்டி காட்டன் கல்லூரியில் பயின்றபோதே கால்பந்தில் ஆவ் பெயர் பெற்றார். பிறகு, இன்று ஆர்.ஜி. கர் என அழைக்கப்படும் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் 1942-ல் சேர்ந்தார். மறு ஆண்டே மோகன் பகான் அணி அவரை அழைத்துக்கொண்டது. பின்னர் அதன் தலைவராகவும் ஆனார்.

பஞ்சம், கலவரம், பிரிவினை எனக் கல்கத்தா துயருற்ற ஆண்டுகள் அவை. பகலில் வகுப்பு, மாலையில் மைதானம் என்று வாழ்ந்த ஆவ், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணிக்குத் தலைமை வகித்தார். தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்தியவரும் அவரே. அப்போது அவருக்கு வயது 30. இன்னும் மருத்துவ மாணவர்!

ஜூலை 31 அன்று பிரான்ஸை இந்தியா எதிர்கொண்டது. நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் அடித்த கோல் ஆட்டத்தைச் சமன் செய்தது. ஆனால், இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. இறுதி நிமிடங்களில் பிரான்ஸ் மீண்டும் ஒரு கோல் அடிக்க, இந்தியா 1-2 எனத் தோற்றது.

புகழின் உச்சியில் இருந்தவர் கல்கத்தாவிலேயே தங்கியிருக்கலாம். ஆவ் 1950-ல் மருத்துவப் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். கோஹிமாவில் மருத்துவராகப் பணியாற்றி, நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978-ல் ஓய்வுபெற்றார். 1998-ல் மறைந்த அவருக்கு அஞ்சல் தலை வெளிவந்தது 2018-ல்தான்.

மருத்துவப் படிப்பை முடிக்க ஆவுக்கு எட்டு ஆண்டுகள் ஆயின என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பெற்றோரின் அச்சம் அடிப்படையற்றதன்று. ஆனால், அந்த அச்சத்தைப் போக்கும் வழி கல்லூரிகளின் கையில் இருக்கிறது. போட்டி நாட்களுக்கு வருகைப் பதிவு வழங்குவதும், தவறிய தேர்வுகளை மாற்று நாளில் நடத்துவதும் பெரிய செலவுகள் அல்ல. கோப்பையை மட்டும் வரவேற்பறையில் வைத்துவிட்டு, அதை வென்று வந்த மாணவனுக்கு வருகைக் குறைவுக்கான அபராதம் விதிப்பது எந்த வகையில் நியாயம்?

மறுநாள் மருந்தீஸ்வரர் கோயில் அருகே அந்தத் தந்தையைச் சந்தித்தேன். இந்தப் பருவம் முழுவதும் மகன் ஆடட்டும் என்றேன். விடுபட்ட வகுப்புகளுக்குக் கல்லூரியிடம் இப்போதே எழுத்தில் அனுமதி கேட்குமாறும் சொன்னேன். மகனிடமும் பேசினேன். லண்டனில் கொடி ஏந்திய ஆவின் கதையோடு, பட்டம் பெற்று ஊர் திரும்பிய ஆவின் கதையையும் அவனுக்குச் சொன்னேன்.