புதுவை மண்ணில் உறங்கும் நாடக வாத்தியார்

புதுச்சேரியில் கருவடிக்குப்பம் என்று ஓர் இடம். அங்கே ஒரு சமாதி இருக்கிறது. நவம்பர் 13-ந் தேதி வந்தால் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடுவார்கள். மாலை சாத்தி வணங்குவார்கள்.

அங்கே உறங்குபவர் அரசர் அல்ல. செல்வச் சீமானும் அல்ல. ஒரு நாடக வாத்தியார்! அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள்.

உப்பளத்துக் கணக்கர்

தூத்துக்குடி அருகே உள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ம் ஆண்டு அவர் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தை தாமோதரன் ராமாயணத்தில் வல்லவர். முதலில் தந்தையிடமும், பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடமும் சங்கரன் தமிழ் கற்றார். சிறு வயதிலேயே பாட்டுக் கட்டும் திறமை வந்துவிட்டது.

வயிற்றுப் பிழைப்புக்கு உப்பளத்தில் கணக்கு எழுதினார். ஆனால் மனம் உப்பில் ஒட்டவில்லை. 24-வது வயதில் வேலையை உதறிவிட்டு நாடகத்தில் சேர்ந்தார்.

எமன் வந்தான்!

கம்பீரமான உருவம், இடி போன்ற குரல். எமன், இரணியன், ராவணன், சனீஸ்வரன் வேடங்கள் அவருக்கே வந்தன.

ஒருநாள் எமனாக அவர் மேடையில் பாய்ந்து வந்தார். கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் பயந்துபோனாள். அவள் கரு கலைந்தது என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். அந்தத் துயரம் அவரை வாட்டியது. வேடம் போடுவதை விட்டார். வாத்தியார் ஆனார். பிறகு துறவு பூண்டு கோவில் கோவிலாகச் சுற்றினார். சங்கரன் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது இப்படித்தான்.

ஆனால் நாடகம் அவரை விடவில்லை. மீண்டும் வந்தார்.

திரைக்குப் பின்னால்...

அந்தக் காலத்தில் மேடையில் நடிகர் வைத்ததே சட்டம். பெயர் பெற்ற நடிகர்கள் ஒத்திகைக்கு வருவதில்லை. எழுதிய வசனத்தைப் பேசுவதில்லை. வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். எதிரே நிற்பவரைக் கேள்வி கேட்டு மடக்குவார்கள்.

மல்யுத்த வீரர்கள் பிடி போடுவதைப் போல நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்வார்கள். ஜனங்கள் கை தட்டுவார்கள். கதை நடுத்தெருவில் நிற்கும்!

சுவாமிகள் யோசித்தார். வளர்ந்த மரத்தை வளைக்க முடியாது. கன்றுகளை நட்டால் என்ன?

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பின்னாளில் பாட்டால் தமிழ்நாட்டையே மயக்கிய எஸ்.ஜி.கிட்டப்பா சிறுவனாகப் பயின்றது அங்கேதான். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை பிறந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தார்கள். அப்போது டி.கே.சண்முகத்துக்கு வயது 6!

நாடகக் கொட்டகை பள்ளிக்கூடமாக மாறியது. பாடம், பாட்டு, ஒத்திகை எல்லாம் முறைப்படி நடந்தன. எழுதிய வசனத்தில் ஒரு சொல் தவறக்கூடாது. பெண் வேடமும் சிறுவர்களுக்கே.

சிறுவர்களுக்கு இது சுகமான வாழ்க்கை அல்ல. தாய் வீடு எங்கோ இருக்கும். கண்டிப்பு கடுமையாக இருக்கும். இரவெல்லாம் நாடகம், ஊர் ஊராகப் பயணம். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறும் தமிழும் சேர்ந்து கிடைத்த இடம் அதுதான்.

ஒரே இரவில் ஒரு நாடகம்

எழுதுவதில் அவர் வேகம் அசாத்தியமானது. 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி', 'கோவலன்' எல்லாம் அவர் எழுதியவையே. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. நாடகப் பிள்ளைகளே அவருடைய பிள்ளைகள்.

அடங்கிய குரல்

கடைசிக் காலத்தில் பக்கவாதம் தாக்கியது. எமனாக அதிர்ந்த குரல், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன குரல், அடங்கிப் போயிற்று.

1922-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் அவர் உயிர் பிரிந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண், தமிழ் நாடக ஆசானைத் தன் மடியில் ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 55.

பிள்ளைகள் ஆசானின் பாடத்தை மறக்கவில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல் சொந்தமாகவே நாடக சபை தொடங்கினார்கள். பேசும் படம் வந்தபோது, நாடக சபைகளில் வளர்ந்த பலர் படங்களில் புகழ் பெற்றார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று சுவாமிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் 'வள்ளி திருமணம்' நடக்கிறது. வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவாள். முருகன் வேறோர் ஊரிலிருந்து வருவார். அன்று மாலைதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆனாலும் நாடகம் விடிய விடிய நடக்கும். சுவாமிகளின் பாட்டு இருவருக்குமே மனப்பாடம்!