கம்ப்யூட்டருக்குச் சொல் கற்றுக்கொடுத்த கிரேஸ் ஹாப்பர்

வங்கிகளில் வட்டிக் கணக்குப் போடவும், பெரிய அலுவலகங்களில் சம்பளப் பட்டியல் தயாரிக்கவும் உலகமெங்கும் பல்லாண்டு காலமாக உழைத்து வரும் கம்ப்யூட்டர் மொழி கோபால். பெயரைக் கேட்டால் நம் ஊர்ப் பையன் போலத் தோன்றும். ஆனால் அது பிறந்தது அமெரிக்காவில். அதற்கு வித்திட்டவர் கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி.

ஏழு கடிகாரங்கள்

1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி நியூயார்க் நகரில் கிரேஸ் பிறந்தார். தந்தை இன்சூரன்ஸ் தொழில் செய்தவர். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி மணியடிக்கிறது என்று பார்க்க ஒன்றைப் பிரித்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அடுத்ததைப் பிரித்தார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் உதிரியாகிவிட்டன. இனி ஒரே ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தாயார் கட்டளையிட்டார்.

1928-ல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். வாசர் கல்லூரியிலேயே ஆசிரியையாகப் பணியாற்றினார்.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர முன்வந்தார். உடல் எடை, வேண்டிய அளவுக்கு 15 பவுண்டு குறைவு. வயதும் முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. ஆனாலும் விடாப்பிடியாக விசேஷ அனுமதி வாங்கிச் சேர்ந்துவிட்டார். 1944-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க்-1 என்ற கணக்கு இயந்திரத்தை இயக்க அனுப்பப்பட்டார். அதன் நீளம் 51 அடி, உயரம் 8 அடி. வினாடிக்கு மூன்று கூட்டல்தான் போடும்.

நகல் எடுப்பதில் வந்த வினை

1949-ல் பிலடெல்பியாவில் யுனிவாக் கம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்த சிறு கம்பெனியில் சேர்ந்தார். மறு ஆண்டே அதை ரெமிங்டன் ராண்ட் கம்பெனி வாங்கிவிட்டது.

அந்நாளில் ஒவ்வொரு கணக்குக்கும் இயந்திரத்துக்குப் புரியும் குறியீடுகளை மனிதர்களே எழுத வேண்டும். அடிக்கடி தேவைப்படும் பகுதிகளை நோட்டுப் புத்தகத்திலிருந்து பார்த்துப் பெயர்த்து எழுதுவார்கள். ஒவ்வொரு முறையும் இட எண்களைக் கூட்டி மாற்ற வேண்டும். நகல் எடுப்பதில் ஒரு தவறு, கூட்டலில் ஒரு தவறு என்று கணக்கே பாழாகிவிடும். பேரேடு எழுதும் எந்தக் குமாஸ்தாவுக்கும் இந்தச் சங்கடம் தெரியும்.

இந்த வேலையை இயந்திரத்திடமே ஒப்படைத்தால் என்ன என்று ஹாப்பர் யோசித்தார். அந்தப் பகுதிகளைக் காந்த நாடாவில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் கொடுத்தார். அடையாளத்தைச் சொன்னால் போதும். இயந்திரமே பகுதியைத் தேடி எடுத்துக் கோத்துக்கொள்ளும். 1952-ல் உருவான இதற்கு ஏ-ஜீரோ என்று பெயர். கம்பைலர் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. ஆனால் அன்று பலர் நம்பவில்லை. கம்ப்யூட்டருக்குக் கணக்குத்தான் போடத் தெரியும், தன் வேலையைத் தானே எழுதிக்கொள்ளத் தெரியாது என்றார்கள்.

எந்த மொழியும் ஒன்றுதான்

அடுத்து, கணக்கு அலுவலகத்தில் இருப்பவர்களுக்குக் குறியீடுகள் ஒத்துவராது, சாதாரண ஆங்கில வார்த்தைகளால் கட்டளையிட வழி செய்ய வேண்டும் என்றார். செய்தும் காட்டினார். வார்த்தைகளை மாற்றினால் பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் அதே வேலை நடக்கும் என்று காட்டியபோது நிர்வாகிகள் திகைத்துப் போனார்கள். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்க இயந்திரம் அந்நிய மொழியைப் புரிந்துகொள்வதாவது! இயந்திரத்துக்கு எல்லா மொழியும் வெறும் அடையாளங்கள்தான் என்று அவர் விளக்கியும் பலனில்லை. ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழியில் செய்யமாட்டோம் என்று அவர்களைச் சமாதானப்படுத்தவே மாதங்கள் பிடித்தன. அந்த முயற்சியில் பிறந்ததுதான் புளோமேட்டிக் மொழி.

அப்போது ஒரு கம்பெனியின் இயந்திரத்துக்கு எழுதியது மற்றொன்றில் ஓடாது. இயந்திரம் மாறினால் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்க்க 1959 மே மாதம் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் கம்பெனிகளும் அரசும் கூடிப் பேசின. ஜீன் சாமெட் போன்றோர் அடங்கிய குழு கோபால் மொழியை வகுத்தது. ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். புளோமேட்டிக்கே அதற்கு முக்கிய அடிப்படை. 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராம் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் இயந்திரங்களில் ஓடியது.

அந்தக் கோபால் நம் நாட்டுக்கும் சோறு போட்டது. 2000-ம் ஆண்டு பிறப்பதற்கு முன், வருடத்தை இரண்டே இலக்கத்தில் குறித்திருந்த பழைய புரோகிராம்களைத் திருத்த ஆள் தேவைப்பட்டது. பெங்களூர், சென்னை, மும்பை இளைஞர்கள் பலருக்கு அதனால் வேலை கிடைத்தது.

ஓய்வில்லாத ஓய்வு

1966 இறுதியில் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. மறு ஆண்டே ஆறு மாத வேலைக்கு என்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் 19 ஆண்டுகளாக நீண்டது! ரியர் அட்மிரல் அந்தஸ்துடன் 1986-ல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. உடனே டிஜிட்டல் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்தார்.

1992 ஜனவரி 1-ந் தேதி, 85-வது வயதில் காலமானார். ராணுவ மரியாதையுடன் ஆர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்டார். ஒரு போர்க்கப்பல் அவர் பெயரைத் தாங்குகிறது. 2016-ல் அமெரிக்க அரசின் சுதந்திரப் பதக்கமும் அவருக்கு வழங்கப்பட்டது. 1969-ல் கம்ப்யூட்டர் துறையினர் ஆண்டின் சிறந்த மனிதர் என்ற விருதை ஏற்படுத்தியபோது, ஆணைக் குறிக்கும் பெயர் கொண்ட அந்த விருதை முதன்முதலில் பெற்றவரும் இந்தப் பெண்மணிதான்.