ஜுவான் காம்பர்

ஜுவான் காம்பர் (நவம்பர் 22, 1877 - ஜூலை 30, 1930) சுவிட்சர்லாந்தில் பிறந்த காற்பந்தாட்ட வீரரும் விளையாட்டு நிர்வாகியும் ஆவார். ஹான்ஸ் காம்பர் என்பது இவரது இயற்பெயர். ஸ்பெயின் நாட்டின் காட்டலோனியாப் பகுதியில் பார்சிலோனா காற்பந்துக் கழகத்தை 1899 இல் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் இவரே. அக்கழகத்தின் தலைவராக ஐந்து முறை பொறுப்பு வகித்தார். கழகத்தின் நீலம், கருஞ்சிவப்பு நிறங்களும், நகரின் அடையாளங்களைத் தாங்கிய சின்னமும் இவரது காலத்திலேயே உருவாயின. அயல்நாட்டவர் ஒருவரின் முயற்சியால் தோன்றிய இக்கழகம் காட்டலான் மக்களின் அடையாளமாக வளர்ந்தது. அந்த அடையாளமே பின்னர் இவர் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்படக் காரணமாயிற்று.

இளமைக்காலம்

காம்பர் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே இவரது தாயார் காசநோயால் இறந்துவிட, குடும்பம் சூரிச் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு காம்பர் ஓட்டம், மிதிவண்டிப் பந்தயம், ரக்பி, டென்னிஸ் எனப் பல விளையாட்டுகளில் ஈடுபட்டார். எனினும் காற்பந்தே இவருக்கு மிகவும் விருப்பமானதாக இருந்தது. 1896 இல் சூரிச் காற்பந்துக் கழகத்தை நிறுவியவர்களுள் இவரும் ஒருவர். தொழில் காரணமாகச் சில காலம் பிரான்சின் லியோன் நகரில் தங்கியிருந்தார்.

பார்சிலோனாவில்

1898 இல் பார்சிலோனாவில் வசித்துவந்த தமது மாமாவைக் காண வந்த காம்பர், நகரின் மீது கொண்ட பற்றால் அங்கேயே தங்கிவிட்டார். கணக்காளராகப் பணியாற்றினார். சுவிட்சர்லாந்துச் செய்தித்தாள்களுக்கு விளையாட்டுச் செய்திகளையும் எழுதினார். காட்டலான் மொழியைக் கற்று, ஹான்ஸ் என்ற தமது பெயரை அம்மொழி வழக்கப்படி ஜுவான் என்று மாற்றிக்கொண்டார். 1907 இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எம்மா பிலூ என்பவரைத் திருமணம் செய்தார். இவர்களுக்கு இரு ஆண் மக்கள் பிறந்தனர்.

கழகத்தின் தோற்றம்

காற்பந்து விளையாட ஆட்களைத் தேடிய காம்பர், அக்டோபர் 22, 1899 அன்று லோஸ் டிபோர்ட்டெஸ் என்ற விளையாட்டு இதழில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அதன் பயனாக நவம்பர் 29, 1899 அன்று சோலே உடற்பயிற்சிக்கூடத்தில் ஒரு கூட்டம் நடைபெற்றது. சுவிட்சர்லாந்தினர், ஆங்கிலேயர், காட்டலான்கள் ஆகியோர் கலந்துகொண்ட அக்கூட்டத்தில் கழகம் தொடங்கப்பட்டது. வால்டர் வில்ட் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 22 வயதே நிரம்பிய காம்பர் அணித்தலைவரானார்.

1903 வரை காம்பர் அணிக்காக விளையாடி நூறுக்கும் மேற்பட்ட கோல்களை அடித்தார். 1902 இல் அணி மக்காயா கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டு மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி நடந்த போட்டியின் இறுதியாட்டத்தில் பில்பாவோ அணியிடம் தோற்றது.

நீலமும் கருஞ்சிவப்பும்

கழகம் தனது முதல் ஆட்டத்திலிருந்தே நீலம், கருஞ்சிவப்பு ஆகிய நிறங்களை அணிந்தது. இந்நிறங்களைக் குறிக்கும் பிளாவுகிரானா என்ற காட்டலான் சொல் கழகத்திற்கே ஒரு பெயராக வழங்குகிறது. தொடக்ககாலச் சட்டை செங்குத்தாக இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி கருஞ்சிவப்பாகவும் இருந்தது. சட்டைக் கைகளில் நிறங்கள் இடம் மாறியிருந்தன. காற்சட்டை வெள்ளை நிறமானது. இன்று உலகெங்கும் அறியப்படும் நெடுக்குக் கோடுகள் 1910களில் வந்தவை.

இந்நிறங்கள் தேர்வு செய்யப்பட்டதற்கான காரணம் குறித்துப் பல கருத்துகள் நிலவுகின்றன:

- காம்பர் முன்பு தொடர்பு கொண்டிருந்த சுவிட்சர்லாந்தின் பாசெல் காற்பந்துக் கழகத்தின் நிறங்களிலிருந்து இவை எடுக்கப்பட்டன என்பது பரவலான கருத்து.
- தொடக்ககால ஆட்டக்காரர்களான விட்டி குடும்பத்தினர் பயின்ற, இங்கிலாந்தின் குரோஸ்பியில் உள்ள மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியின் நிறங்கள் இவை என்பது மற்றொரு கருத்து.
- அக்காலக் கணக்காளர்கள் பயன்படுத்திய, ஒரு முனை நீலமாகவும் மறுமுனை சிவப்பாகவும் உள்ள பென்சிலே இதற்குத் தூண்டுதல் என்றும் கூறுவர்.

இவற்றுள் எதற்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை.

1908 ஆம் ஆண்டு நெருக்கடி

1905 க்குப் பின் அணி பெரிய வெற்றிகள் எதையும் பெறவில்லை. உறுப்பினர் எண்ணிக்கை 38 ஆகக் குறைந்தது. கழகத்தைக் கலைத்துவிடலாம் என்ற நிலை ஏற்பட்டபோது, டிசம்பர் 2, 1908 அன்று காம்பர் முதன்முறையாகத் தலைவர் பொறுப்பை ஏற்றார். உறுப்பினர்களை நேரில் சந்தித்து மீண்டும் சேர்த்தார். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் இண்டஸ்ட்ரியா தெருவில் கழகத்தின் முதல் சொந்த மைதானம் திறக்கப்பட்டது. இதன் பின்னர் 1910-1913, 1917-1919, 1921-1923, 1924-1925 ஆகிய காலங்களிலும் இவர் தலைவராக இருந்தார்.

கழகச் சின்னம்

தொடக்கத்தில் கழகத்திற்கெனத் தனிச் சின்னம் இல்லை. பார்சிலோனா நகரின் சின்னமே பயன்படுத்தப்பட்டது. சாய்சதுர வடிவிலான அச்சின்னத்தின் மேல் ஒரு முடியும் அதன்மேல் ஒரு வௌவாலும் அமைந்திருந்தன. 1910 இல் புதிய சின்னத்திற்கான போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. மருத்துவ மாணவரும் கழக ஆட்டக்காரருமான கார்லெஸ் கோமமாலாவின் வடிவமே தேர்வு பெற்றதாகக் கருதப்படுகிறது.

பானை போன்ற உருவம் கொண்ட இச்சின்னம் மூன்று பகுதிகளை உடையது. மேற்பகுதியில் ஒருபுறம் காட்டலோனியாவின் காவல் புனிதரான புனித ஜார்ஜின் சிலுவையும், மறுபுறம் காட்டலான் கொடியில் உள்ள நான்கு சிவப்புப் பட்டைகளும் உள்ளன. நடுவில் கழகப் பெயரின் முதலெழுத்துகள் இடம்பெறுகின்றன. கீழ்ப்பகுதியில் நீலம், கருஞ்சிவப்புக் கோடுகளின் மீது ஒரு பந்து உள்ளது. நகரும் நாடும் மேலே, விளையாட்டு கீழே என அமைந்த இவ்வடிவம் சிறு மாற்றங்களுடன் இன்றுவரை தொடர்கிறது.

வளர்ச்சி

காம்பரின் தலைமையில் பவுலினோ அல்காந்தரா, ரிக்கார்டோ சமோரா, ஜோசப் சமிட்டியர் முதலிய புகழ்பெற்ற வீரர்கள் அணியில் விளையாடினர். பெருகிவந்த பார்வையாளர்களுக்குப் பழைய மைதானம் போதாமையால், மே 20, 1922 அன்று லெஸ் கோர்ட்ஸ் மைதானம் திறக்கப்பட்டது. இக்காலத்தில் கழகம் காட்டலான் பண்பாட்டு இயக்கங்களுடன் நெருங்கிய உறவு கொண்டது. காட்டலோனியாவுக்குத் தன்னாட்சி கோரி 1918 இல் நடந்த இயக்கத்தையும் ஆதரித்தது.

நாட்டை விட்டு வெளியேற்றம்

1923 செப்டம்பரில் பிரிமோ டி ரிவேரா ஸ்பெயினின் ஆட்சியைக் கைப்பற்றி சர்வாதிகாரியானார். பொது இடங்களில் காட்டலான் கொடியைப் பறக்கவிடுவது தடைசெய்யப்பட்டது. ஜூன் 14, 1925 அன்று ஒர்ஃபெயோ கட்டலா என்ற பாடகர் குழுவைச் சிறப்பிக்கும் வகையில் லெஸ் கோர்ட்ஸ் மைதானத்தில் ஜூப்பிட்டர் அணியுடன் ஓர் ஆட்டம் நடைபெற்றது. துறைமுகத்திற்கு வந்திருந்த பிரித்தானியக் கடற்படை இசைக்குழு ஸ்பெயினின் அரச கீதத்தை வாசித்தபோது, பார்வையாளர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். பிரித்தானிய கீதம் வாசிக்கப்பட்டபோது கைதட்டினர்.

இதனால் சினமடைந்த அரசு மைதானத்தை ஆறு மாதங்களுக்கு மூட ஆணையிட்டது. பின்னர் இத்தண்டனை மூன்று மாதங்களாகக் குறைக்கப்பட்டது. காம்பர் தலைவர் பதவியிலிருந்து விலகி, ஸ்பெயினை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. காட்டலான் உணர்வைத் தூண்டியதாக, காட்டலோனியாவில் பிறக்காத இவர்மீது குற்றம் சாட்டப்பட்டது குறிப்பிடத்தக்கது.

இறுதிக்காலம்

சிறிது காலத்தின் பின் காம்பர் பார்சிலோனா திரும்ப அனுமதிக்கப்பட்டார். ஆனால் கழகத்துடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நிபந்தனை. தாம் உருவாக்கிய கழகத்திலிருந்து விலகி வாழ்ந்த இவர் மனச்சோர்வுக்கு ஆளானார். 1929 இல் ஏற்பட்ட உலகப் பொருளாதார வீழ்ச்சி இவரது தொழிலையும் பாதித்தது. ஜூலை 30, 1930 அன்று தமது 52 ஆவது வயதில் தற்கொலை செய்துகொண்டார். இவரது இறுதி ஊர்வலத்தில் மக்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர். உடல் மொன்ட்ஜுயிக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

மறைவுக்குப் பின்

உள்நாட்டுப் போரில் வென்று ஆட்சிக்கு வந்த பிராங்கோவின் காலத்தில் கழகத்தின் பெயர் ஸ்பானிய மொழி வழக்கிற்கு மாற்றப்பட்டது. சின்னத்தில் இருந்த நான்கு சிவப்புப் பட்டைகள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. கழகத்தின் பொன்விழா ஆண்டான 1949 இல் நான்கு பட்டைகள் மீட்கப்பட்டன. பெயரின் முதலெழுத்துகள் 1970களின் நடுப்பகுதியில் பழைய வரிசைக்குத் திரும்பின. நீலம், கருஞ்சிவப்பு நிறங்கள் இக்காலம் முழுவதும் மாறாமல் இருந்தன.

காம்பரின் நினைவாக 1966 முதல் ஜுவான் காம்பர் கிண்ணப் போட்டி நடத்தப்படுகிறது. லெஸ் கோர்ட்ஸ் பகுதியில் ஒரு தெருவுக்கும், 2006 இல் திறக்கப்பட்ட கழகத்தின் பயிற்சி வளாகத்திற்கும் இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.