மகனைப் பறிகொடுத்த ஷேக்ஸ்பியர்

இங்கிலாந்தில் ஸ்ட்ராட்போர்டு என்ற ஊரில், 1564-ம் ஆண்டு பிறந்தவர் ஷேக்ஸ்பியர். தகப்பனார் கையுறை தைத்து விற்பவர்.

ஷேக்ஸ்பியருக்கு 18 வயதில் திருமணம். மூன்று குழந்தைகள். பிழைப்புக்காக லண்டன் சென்றார். நடிகர் ஆனார், நாடகங்கள் எழுதினார். பணமும் புகழும் சேர்ந்தன.

1596-ம் ஆண்டு பேரிடி விழுந்தது. ஒரே மகன் ஹாம்னட், 11 வயதில் இறந்து போனான்!

சில ஆண்டுகளுக்குப்பின் அவர் எழுதிய நாடகம் "ஹாம்லெட்". டென்மார்க் நாட்டுப் பழங்கதை அது. அண்ணனைக் கொன்று தம்பி அரசனாகிறான். செத்த அரசன் ஆவியாக வந்து, பழி வாங்கும்படி மகனிடம் கேட்கிறான். பழி தீர்கிறது. ஆனால் மகனும் மாள்கிறான்; நாடும் அன்னிய இளவரசனிடம் போகிறது!

அந்த ஆவியாக ஷேக்ஸ்பியரே நடித்தார் என்று சொல்வார்கள். மேடையில் இறந்தவர் தந்தை. வீட்டில் இறந்தவனோ மகன்!

1616-ல் ஷேக்ஸ்பியர் மறைந்தார். மகனின் பெயரை ஒத்த அந்த நாடகம் இன்றும் நடக்கிறது.