அடுக்களை அடியார்

பெரியோர் வரலாறு கூறப் புகுவார் பெரும்பாலும் அரியணையையோ, போர்க்களத்தையோ, பிரசங்க பீடத்தையோ நாடிச் செல்வர். நாம் ஈண்டு ஓர் அடுக்களையை நாடிச் செல்கின்றோம். நாள்தோறும் மும்முறை மணியோசை கேட்டு விடுதி உணவுச்சாலையிற் சென்று அமரும் நாம், சுவருக்கு அப்பால் புகையினூடே நின்று நமக்காக உழைப்பவர் முகத்தை எத்துணை முறை நோக்கியிருக்கின்றோம்? உப்புக் குறைந்த நாளிலன்றி மற்றை நாட்களில் அவர்களை நாம் நினைப்பதில்லை. அத்தகைய தொழில் செய்த ஒருவருடைய வாழ்க்கை, அவர் மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், பல மொழிகளில் எழுதப்பெற்றும் படிக்கப்பெற்றும் வருகின்றது. அவரே சகோதரர் லாரன்ஸ் என்று கிறிஸ்தவ உலகம் அன்புடன் வழங்கும் பிரெஞ்சுத் துறவி.

லொரேன் என்னும் பகுதி இன்று பிரான்சு தேசத்தின் கிழக்கெல்லையில் உள்ளது. அந்நாளில் அது தனியொரு கோமகனால் ஆளப்பட்ட சிறு நாடு. அந்நாட்டில், லூனவில் நகருக்கு அணித்தாகிய ஏரிமெனில் என்னும் சிற்றூரில், 1614-ஆம் ஆண்டளவில் நிக்கலாஸ் ஹெர்மன் பிறந்தார். பெற்றோர் எளியவர், தெய்வபக்தி நிறைந்தவர். மைந்தனுக்கு அவர்கள் அளித்த செல்வம் அப்பக்தி ஒன்றே எனலாம். ஏட்டுக் கல்வி அவருக்கு மிகுதியாக வாய்க்கவில்லை.

அவருடைய பதினெட்டாம் வயதில் நிகழ்ந்தது ஒன்று. பனிக்காலத்து ஒருநாள் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரம் ஒன்றைக் கண்டார். நம் நாட்டிலே இலையுதிர்ந்த மரம் அத்துணை வியப்பான காட்சியன்று; இங்குச் சில வாரங்களில் தளிர் தோன்றிவிடும். அக்குளிர் நாட்டிலோ மரங்கள் மாதக்கணக்கிற் பட்டுப்போனவை போலவே நிற்கும். இம்மரம் இன்னுஞ் சில திங்களில் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் அவ்விளைஞர் உள்ளத்தே தோன்றிற்று. தோன்றவே, அதனைத் தளிர்க்கச் செய்யும் ஆண்டவருடைய பராமரிப்பும் வல்லமையும் அவர் நெஞ்சிற் பதிந்தன. முதுமையிலும் அக்காட்சி தம்மைவிட்டு நீங்கவில்லை என்று அவர் நண்பரிடம் கூறினாராம்.

இதனைக் கண்ட மாத்திரத்தில் அவர் உலகைத் துறந்து மடம் புகுந்தார் என்று எழுதினால் கதை அழகாயிருக்கும். ஆனால் உண்மை அதுவன்று. அவரை நாம் அடுத்துக் காண்பது போர்க்களத்தில். 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போரில் அவர் லொரேன் கோமகனின் படைவீரராக இருந்தார். ஜெர்மானியப் படையினர் அவரைச் சிறைபிடித்து, ஒற்றன் என்று ஐயுற்றுத் தூக்கிலிடுவதாக அச்சுறுத்தினர். தாம் ஒற்றனல்லர் என்றும், சாவுக்குத் தாம் அஞ்சவில்லை என்றும் அவர் அமைதியாக விடையிறுக்கவே, அவரை விடுவித்தனர். பின்னர் 1635-இல் சுவீடன் நாட்டுப் படை ராம்பெர்விலே என்னும் ஊரைத் தாக்கியபோது அவர் காயமுற்றுப் பெற்றோர் இல்லம் திரும்பினார். படைவாழ்வு அத்துடன் முடிந்தது. கால் ஊனமோ இறுதிவரை அவரைத் தொடர்ந்தது.

அதன்பின் சிலகாலம் தனிமையிலிருந்து தவம் செய்ய முயன்றார், மனம் ஒருநிலைப்படவில்லை. பாரிசு நகரை அடைந்து, அரசனுடைய பொருட்காப்பாளருள் ஒருவராகிய ஃபியூபே என்பாரிடம் ஏவலாளராக அமர்ந்தார். அங்கே தாம் எதைத் தொட்டாலும் உடைத்துவிடும் முரட்டு ஆள் என்று அவரே பிற்காலத்திற் சொல்லிக்கொண்டதுண்டு. 1640-ஆம் ஆண்டில், வோழிரார் வீதியிலிருந்த கர்மேல் சபையாரின் மடத்திற் சேர்ந்து, உயிர்த்தெழுதலின் லாரன்ஸ் என்னும் துறவுப் பெயர் பூண்டார். குருப்பட்டத்திற்கு வேண்டிய கல்வி இன்மையால், கைத்தொழில் செய்து ஏனையோர்க்கு ஊழியம் புரியும் சகோதரராகவே ஏற்றுக்கொள்ளப்பட்டார். தம் தவறுகளுக்காக அங்கே தம் தோலையே உரித்துவிடுவர் என்று எதிர்பார்த்துச் சென்றவர் அவர். ஆண்டவர் தம்மை ஏமாற்றிவிட்டார் என்றும், அங்கே தாம் கண்டது மனநிறைவே என்றும் பின்னாளில் நகைத்துக் கூறுவார்.

ஆனால் அம்மனநிறைவு எளிதிற் கிட்டியதன்று. மடத்தில் அவருக்கு இட்ட வேலை சமையல். இயல்பாகவே அவருக்கு மிகுந்த வெறுப்பைத் தந்த வேலையும் அதுவே! பிறர் செபிக்கவும் பயிலவும் செல்லும் வேளையில், நொண்டிக் காலுடன் அனல்முன் நின்று, தமக்குப் பிடியாத தொழிலைச் செய்தல் வேண்டும். இன்று செய்ததை நாளையும் செய்தல் வேண்டும். இதற்குமேல் அகத்துயரம் வேறு. தம் பழம்பாவங்கள் கண்முன் நிற்க, தாம் மீட்படையார் என்ற அச்சம் அவரை வாட்டிற்று. இந்நிலை ஓராண்டன்று, ஈராண்டன்று, ஏறக்குறைய பத்தாண்டுகள் நீடித்தது. அடியார் வரலாறுகளைப் படிக்கும்போது இத்தகைய பகுதிகளை விரைந்து கடந்து, அவர்கள் பெற்ற பேரின்பத்தை அறிய ஓடுதல் நம் வழக்கம். பத்தாண்டு என்பது நம் வயதிற் பாதி என்று எண்ணிப் பார்த்தபோதுதான் அதன் நீளம் நமக்கு விளங்கிற்று.

துயர் நீங்கிய விதமும் நோக்கத்தக்கது. வாழ்நாள் முழுவதும் இத்துயரிலேயே கழியுமாயினும் கழிக, ஆண்டவர்மீது வைத்த அன்பின்பொருட்டு அதனையும் ஏற்போம் என்று அவர் ஒருநாள் துணிந்தார். விடுதலையை எதிர்பாராது நின்ற அந்நிலையிலேதான் அவர் உள்ளம் திடீரென அமைதியுற்றது. அவ்வமைதி பின்னர் அவரை விட்டகலவில்லை.

அடுக்களையில் அவர் கைக்கொண்ட முறை மிக எளியது. வேலை தொடங்குமுன், அதனைத் தமக்காகச் செய்யும் அருளைத் தருமாறு ஆண்டவரை வேண்டுவார். வேலையினிடையே, அருகில் நிற்கும் நண்பரோடு பேசுவது போல் அவரோடு அகத்தே உரையாடுவார். முடிந்தபின் தம்மைத் தாமே ஆராய்வார். நன்கு முடிந்திருப்பின் நன்றி கூறுவார். தவறியிருப்பின், தம்மைத் தனியே விட்டால் தாம் இப்படித்தான் செய்வோம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டி, மேலும் அதைப்பற்றி வருந்திக்கொண்டிராமல் அடுத்த வேலைக்குச் செல்வார். சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதும் அவருக்கு வழிபாடாயிற்று. அது வெந்து முடிந்து, வேறு வேலை இல்லையேல், தரையில் விழுந்து வணங்கிவிட்டு எழுவார். தரையில் கிடக்கும் ஒரு துரும்பை ஆண்டவர்மீதுள்ள அன்பினால் எடுத்தெறிவதும் தமக்குப் போதும் என்பது அவர் கருத்து. செபவேளை வேறு, வேலை வேளை வேறு என்ற பிரிவு அவரிடத்தே மறைந்துபோயிற்று. பெரும்பேறு பெற்றபோது நன்றி கூறுதல் யாவர்க்கும் இயலும். இவரோ ஒரு சட்டி கழுவி முடிந்ததற்கு நன்றி கூறினார். நாளொன்றுக்குச் சட்டிகள் பலவாதலின், நன்றி கூறும் தருணங்களும் பலவாயின!

ஒருமுறை பர்கண்டி நாட்டிற்குச் சென்று மடத்திற்குத் திராட்சரசம் வாங்கிவருமாறு அவரை அனுப்பினர். (நம் திருச்சபையினர் சிலர் ஈண்டு முகம் சுளிக்கக்கூடும், பிரெஞ்சு மடங்களில் அஃது அன்றாட உணவின் ஒரு பகுதியே.) வாணிகத் திறமை அவருக்கு இல்லை. காலோ ஊனம், படகில் நகரவேண்டுமாயின் பீப்பாய்களின்மேல் உருண்டுதான் செல்லவேண்டும். எனினும் அவர் கலங்கவில்லை. இது உம்முடைய வேலை என்று ஆண்டவரிடம் கூறிவிட்டுச் சென்றார். காரியமும் செவ்வனே முடிந்தது. எங்ஙனம் முடிந்ததென்று அவருக்கே தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளாயின் அடுக்களை வேலையும் அவருக்கு எளிதாயிற்று. பின்னர்க் கால்நோய் மிகவே, அமர்ந்து செய்யும் வேலையாகத் துறவியர்க்குச் செருப்புத் தைக்கும் தொழிலை அவருக்கு அளித்தனர். அதனையும் மகிழ்ந்து செய்தார்.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. உள்ளது போதும் என்று அமைந்திருக்கச் சொல்லும் உபதேசம், தாழ்ந்த நிலையிலுள்ளோரை அந்நிலையிலேயே இருத்திவைக்க மேலோர் கையாளும் கருவியன்றோ என்று நம் தோழர் ஒருவர் வினவினார். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. வயிறார உண்டவன் அடுக்களையில் நிற்பவனுக்கு மனரம்மியத்தைப் போதித்தல் நாணத்தக்க செயல். ஆயின் லாரன்ஸ் பிறர் அடுக்களையைப் பற்றிப் பேசினாரல்லர். தாம் விரும்பித் தேர்ந்த வாழ்வில், தம் அடுக்களையில் நின்று பேசினார். நோயுற்ற ஒருவருக்கு எழுதிய கடிதங்களில், துன்பத்தை ஆண்டவர் அன்பினால் அனுப்பும் மருந்தாக ஏற்குமாறு அவர் கூறுகின்றார். இக்கருத்தை நாம் முழுதும் ஒப்புக்கொள்ள இயலவில்லை. நோயாளியின் படுக்கையருகில் நின்று அதைச் சொல்ல நமக்குத் துணிவும் இல்லை. எனினும், அதை எழுதியவரும் நோவுற்ற உடம்பினரே என்பதை மறத்தல் ஆகாது.

ஜோசப் தெ போஃபோர் என்னும் குரு 1666-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ஆம் நாள் அவரை முதன்முறையாகக் கண்டு உரையாடினார். மேலும் சிலமுறை வந்து, தாம் கேட்டவற்றைக் குறித்துவைத்தார். பிற்காலத்தில் பேராயராகிய அறிஞர் ஃபெனெலோனும் இம்முதியவரைச் சந்தித்தார். அப்போது அவர் கடும்பிணியுற்றிருந்தும் முகமலர்ச்சி குன்றாதிருந்ததைக் கண்டு வியந்தார். 1691-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் நாள் லாரன்ஸ் உயிர்நீத்தார். தெ போஃபோர் அவருடைய கடிதங்களை 1692-இலும், தம் உரையாடற் குறிப்புக்களை 1694-இலும் வெளியிட்டார். பிரான்சில் அக்காலத்து எழுந்த சமயப் பூசலால் அந்நூல் ஓரளவு மறக்கப்பட்டது. அதனைப் போற்றிக் காத்தவருள் புரொட்டஸ்டாண்டு சபையினர் பலர். பியேர் புவாரே அதை மீண்டும் பதிப்பித்தார். ஜான் வெஸ்லி தம் நூல்தொகுதியில் அதன் பகுதிகளைச் சேர்த்தார். இரு திருச்சபையினரும் ஒருவரையொருவர் ஏற்காத காலத்தில், ஒரு சமையற்காரர் இரு வீட்டிலும் நுழைந்தார் எனலாம்.

அவர் வாழ்ந்த மடம் பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையாக்கப்பட்டது. 1792-ஆம் ஆண்டு செப்டம்பரில் குருமார் பலர் அங்கே கொல்லப்பட்டனர். இன்று அவ்விடத்தில் கத்தோலிக்க உயர்கல்விக் கழகம் ஒன்று நடைபெறுகின்றது. லாரன்சின் கடிதங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை பதினாறே. தாம் ஆண்டவருடைய சந்நிதியில் வாழும் முறையை எழுதுமாறு ஒருவர் பலமுறை வற்புறுத்தியபின், அதனை வேறெவர்க்கும் காட்டலாகாது என்ற நிபந்தனையின்மேல் அவர் இசைந்து எழுதிய கடிதமும் அவற்றுள் ஒன்றாக அச்சேறியிருக்கின்றது.