ஒரு பைசாவில் எழுந்த குரல்: அயோத்திதாசப் பண்டிதர்

வண்டலூரில் புறநகர் ரயில் ஏறிச் சென்னை நோக்கிச் செல்வோர், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைக் கடக்கின்றனர். அதன் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் சித்த மருத்துவர் என்பது உண்மை. ஆனால், தமக்கென ஓர் ஏட்டை உருவாக்கி, அதன் வழியே எழுத்தாளராக நிலைபெற்றவர் என்பதே அவரது வாழ்வின் பெரும்பகுதி.

1845 மே 20 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். கல்வி புகட்டிய ஆசிரியர் மீதான மதிப்பால் அவருடைய பெயரையே தம் பெயராக ஏற்றார். தம் பாட்டனார் கந்தப்பன் வீட்டிலிருந்த திருக்குறள் சுவடியே ஆங்கில அதிகாரி எல்லிசின் கைக்குச் சென்றது என்று பின்னாளில் எழுதினார். சுவடிகளைக் காத்த மக்களுக்கு எழுத்தறிவில்லை எனச் சொல்லப்பட்ட காலம் அது.

1885இல் ஜான் ரத்தினத்துடன் இணைந்து 'திராவிட பாண்டியன்' இதழில் பணியாற்றினார். 1898இல் பௌத்தம் தழுவினார். 1907 ஜூன் 19 அன்று, சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். பக்கங்கள் நான்கு, விலையோ பெயரிலேயே இருந்தது. கூலி வேலை செய்வோரும் வாங்கக்கூடிய விலை அது. ஓராண்டுக்குப் பின் 'தமிழன்' எனப் பெயர் மாறிய அவ்விதழ், கோலார் தங்கவயலுக்கும் கடல் கடந்து பர்மா, தென்னாப்பிரிக்கா வாழ் தமிழரிடத்தும் சென்றது. வரலாறு, பௌத்தம், இலக்கியம், மருத்துவம், அன்றாட அரசியல் அனைத்தையும் அதில் எழுதினார். தொடராக வந்த 'ஆதிவேதம்' நூலாகவும் வெளிவந்தது.

1914 மே 5 அன்று அவர் மறைந்தார். இதழைச் சில காலம் அவருடைய மகன் பட்டாபிராமன் நடத்தினார். பின்னர் கோலார் தங்கவயல் பௌத்தர்கள் அதற்கு மீண்டும் உயிரூட்டினர். ஆயினும், பொதுவெளியின் இலக்கிய வரலாறுகள் நெடுங்காலம் அவரைப் பேசவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைப் பேணிக் காத்தனர். அவ்விதழ்களிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையில் வெளியானது. மறைவுக்கும் அத்தொகுப்புக்கும் இடையே 85 ஆண்டுகள்.

எழுத விரும்பும் தலித் இளைஞர்க்கு இவ்வரலாறு இரண்டைச் சொல்கிறது. பிறர் இடம் தருவார் எனக் காத்திராமல் நமக்கான ஏட்டை நாமே தொடங்கலாம். தொடங்கியதைச் சேமித்து வைக்கவும் வேண்டும். இல்லையேல் அச்சில் வந்த எழுத்தும் அழிந்துபோகும். பண்டிதரின் எழுத்து நமக்குக் கிடைத்தது, பழந்தாள்களை எடைக்குப் போடாத வாசகர்களால்தான்.