வெண்துணியில் வானம் சமைத்தவர்: ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா

ஒளியால் எழுதப்படும் காவியம் திரைப்படம். ஏட்டில் எழுதுவோர்க்கு எழுத்தாணி எத்தகையதோ, படமெடுப்போர்க்கு விளக்கும் அத்தகையது. விலையுயர்ந்த விளக்குகள் இருந்தாலன்றி நல்ல படம் எடுக்க இயலாது என்னும் எண்ணம் இளைஞரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர் சிலர் குறும்படம் எடுக்கும் ஆர்வம் மிக்கவர்கள். அவர்கள் கைக்கு எட்டுவதோ பட்டறைகளிலும் சரக்குக் கிடங்குகளிலும் வேலைக்கென வைத்திருக்கும் போகஸ் லைட் மட்டுமே. இல்லாமையைத் தம் கலையின் மூலதனமாக மாற்றிக் காட்டிய சுப்ரத மித்ராவின் வரலாறு அன்னார்க்குப் பெரிதும் பயன்படும்.

மித்ரா 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே மிதிவண்டி ஏறிச் சென்று ஆங்கிலப் படங்களைப் பார்ப்பது அவர் வழக்கம். பிறர் கதையில் மயங்கியிருக்க, அவர் கண்கள் ஒளியும் நிழலும் விழுந்த முறையையே தேடின. கல்லூரியில் அறிவியல் பயின்றவாறே ஒளிப்பதிவுத் துறையில் உதவியாளர் பணி தேடினார், கிட்டவில்லை.

அந்நாளில் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ என்னும் படத்தை எடுக்கக் கல்கத்தா வந்திருந்தார். அங்கும் மித்ராவுக்கு வேலை இல்லை என்றனர். எனினும் தந்தையாரின் துணையால், ஓரமாக நின்று பார்ப்பதற்கு மட்டும் இசைவு கிடைத்தது. அவர் வாளாவிருந்து பார்க்கவில்லை. எந்த விளக்கு எங்கே நின்றது, எந்த நடிகர் எப்பக்கம் நகர்ந்தார் என்பனவற்றையெல்லாம் நாள்தோறும் படம் வரைந்து குறித்துவைத்தார். அப்படத்தின் ஒளிப்பதிவாளர் கிளாட் ரெனுவாரே அக்குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் நிலை வந்தது. ஊதியமில்லாப் பார்வையாளராக நின்றவர், ஏட்டின் வலிமையால் மாணாக்கராக உயர்ந்தார் எனலாம்.

அச்சூழலில் கிடைத்ததே சத்யஜித் ரேயின் நட்பு. 1952-இல் ‘பதேர் பாஞ்சாலி’ தொடங்கப்பெற்றபோது, திரைப்படக் கருவியை ஒருமுறையேனும் இயக்கியறியாத அவ்விளைஞரிடம் ரே ஒளிப்பதிவை ஒப்படைத்தார். வாடகைக் கருவியைக் கொண்டு, பணம் தீர்ந்தபோதெல்லாம் நிறுத்தி, மீண்டும் தொடர்ந்து வளர்ந்த அப்படம் 1955-இல் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. மித்ரா சிதார் வாசிப்பிலும் வல்லவர். அப்படத்தின் இசையிலும் அவர் கைவண்ணம் உண்டு.

அவர் வாழ்வின் பெருந்திருப்பம் அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் (1956) நிகழ்ந்தது. காசி நகரத்து வீடொன்றின் உள்முற்றத்தைத் திறந்தவெளியில் அமைக்க எண்ணியிருந்தனர். பருவமழைக்கு அஞ்சிக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதனைக் கல்கத்தாப் படப்பிடிப்பு நிலையத்திற்குள் எழுப்பினார். வானத்தின் நிழலற்ற பரவொளியை மின்விளக்குகளால் உண்டாக்க இயலாது என மித்ரா இருவரிடமும் வாதிட்டார், வாதம் எடுபடவில்லை. இயலாது என்றவரே இயலும் வழியையும் காணவேண்டியதாயிற்று. முற்றத்தின் மேலே சட்டத்தில் வெண்துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளை நடிகர் மீது திருப்பாமல், கீழிருந்து அத்துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டு மீண்ட ஒளி, வானொளி போலவே முற்றமெங்கும் பரவியது.

இதன் நுட்பம் எளியது. சிறிய விளக்கிலிருந்து நேரே வரும் ஒளி, நிழலைக் கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக்கும். ஒளி வரும் பரப்பு அகன்றதாயின் நிழலின் விளிம்பு கரைந்து மென்மையாகும். ஒளியின் ஒரு பகுதி துணியில் இழக்கப்படும் என்பதே இதற்குத் தரவேண்டிய விலை. நம் சென்னையிலும் நடராஜ முதலியார் ‘கீசகவதம்’ எடுத்த பேசாப்பட நாளிலேயே, மேலே மெல்லிய வெண்துணி கட்டிக் கதிரொளியின் கடுமையைத் தணித்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மித்ராவின் முறை அழகுடையது மட்டுமன்று, பாதுகாப்பும் உடையது. அதில் விளக்கும் துணியும் ஒன்றையொன்று நெருங்குவதில்லை. ஒளியை மென்மையாக்க எண்ணி, ஆலசன் விளக்கின் முகத்தில் துணியையோ வண்ணத்தாளையோ சுற்றுவது தீயை அழைப்பதாகும். அதன் குழல் பல நூறு பாகை வெப்பமடையும். விளக்கை வெண்சுவரை நோக்கியோ, தொலைவில் கட்டிய துணியை நோக்கியோ திருப்புவதே முறை. 500 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் 2 ஆம்பியருக்குச் சற்று மிகுதியாக இழுக்கும். ஆகவே 5 ஆம்பியர் இணைப்பில் இரண்டு விளக்குகளே தகும், மூன்றாவது ஆகாது. நில இணைப்பு இன்றியமையாதது. சுருட்டிய கம்பியை முழுதும் விரித்தே பயன்படுத்தவேண்டும். தாங்கியின் காலில் மணல்மூட்டை வைத்தல், காப்புக் கண்ணாடியைக் கழற்றாதிருத்தல், ஆறிய பின்னரே விளக்கை இடம் மாற்றுதல் ஆகியனவும் வேண்டும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் போன்ற ஈரத்தரைகளில் இவ்விளக்குகளைத் தவிர்ப்பதே அறிவுடைமை. ஒரு காட்சி நன்கு அமையவில்லையெனில் மறுநாள் எடுக்கலாம். போன உயிரை மீட்க வழியில்லை.

மித்ரா ரேயின் பத்துப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். ‘சாருலதா’வும் (1964) ‘நாயக்’கும் (1966) அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ‘நாயக்’கிற்குப் பின் இருவர் வழிகளும் பிரிந்தன. ‘தீஸ்ரி கசம்’ என்னும் இந்திப் படமும், ‘ஷேக்ஸ்பியர் வாலா’ உள்ளிட்ட ஆங்கிலப் படங்களும் அவர் திறம் உரைப்பன. ‘நியூ டெல்லி டைம்ஸ்’ படத்திற்காகத் தேசிய விருது பெற்றார். பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தது. சுவீடன் நாட்டின் சுவென் நிக்விஸ்ட் இத்தகைய மென்னொளிக்காக உலகப்புகழ் எய்தினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கல்கத்தாவில் அது கைவந்திருந்தது என்பதைப் பலர் அறியார். தரத்தில் சிறிதும் விட்டுக்கொடாத இயல்பினராதலால், அவர் பணியாற்றிய படங்கள் தொகையில் குறைவே.

இறுதி ஆண்டுகளில், 1997 முதல், கல்கத்தாவிலுள்ள சத்யஜித் ரே திரைப்படக் கல்லூரியில் மாணவர்க்கு ஒளியைக் கற்பித்தார். 2001 டிசம்பர் 7-ஆம் நாள் மறைந்தார். ஒரு காலத்தில் ஓரமாக நிற்க மட்டுமே இடம் பெற்றவர், தம் மாணவர்க்கு விளக்கருகே இடம் தந்தார். கையில் ஓர் எளிய விளக்கும் ஒரு வெண்துணியும் உடைய மாணவர், விளக்கை ஏற்றுமுன் முதலில் கதிரவன் ஒளி தம் வீட்டு முற்றத்தில் எவ்வாறு விழுகிறது என்று நோக்குவாராக. நோக்கியதை மித்ராவைப் போல் ஏட்டில் குறித்துவைப்பாராக. அதற்குச் செலவேதும் இல்லை.